கடை முகவரி

மார்ச் 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் உன் மகள் உருண்டையும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். என் சுகத்தைக் கேட்காதே.

என் மகள் குருவிக்குப் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம் இல்லையாம். கடிதம் வந்துவிட்டது. ‘தங்கள் இல்லத்திலிருந்து பள்ளி வாசலுக்கு உள்ள நடைதூரம், கடைசியாகச் சேர்க்கப்பட்ட மாணவியின் நடைதூரத்தைவிடக் கூடுதலாக இருப்பதால்’ என்று எழுதியிருக்கிறார்கள். என் சமையலறை ஜன்னலைத் திறந்தால் அந்தப் பள்ளிக்கூடத்து மணிச்சத்தம் பாத்திரத்துக்குள் வந்து விழுகிறது. அங்கே படிக்கிற பிள்ளைகளில் பாதிப் பேரின் சீருடை என் மெஷினில் ஓடியதுதான். இன்னும் எவ்வளவு பக்கத்தில் இருக்க வேண்டும்? பள்ளிக்கூட வராந்தாவில் பாய் போட்டுப் படுக்க வேண்டுமா?

உருண்டைக்கு இடம் கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். நெஞ்சைத் தொட்டுச் சொல்கிறேன். ஆனால் பாப்பா, உன் வீடு எங்கள் வீட்டைத் தாண்டி இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. எங்கள் வாசலைக் கடந்துதான் நீ பள்ளிக்கூடத்துக்கே போக முடியும். உனக்குக் கிட்டே, எனக்கு எட்டவா? எனக்குப் பெரிய கணக்கெல்லாம் வராது. டேப் பிடித்து அளக்க வரும்.

குருவிக்கு ஊர்க்கோடியில் ஒரு பள்ளிக்கூடத்தை ஒதுக்கியிருக்கிறார்கள். இரண்டு பஸ் மாற வேண்டும். புகை பட்டாலே அவளுக்கு மூச்சு இழுக்கும் என்று உனக்குத் தெரியாதா? போன தடவை இழுத்தபோது நீதானே ராத்திரி முழுக்க அவளை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். ‘உருண்டையும் நானும் ஒரே பெஞ்ச்’ என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள், இப்போது வாயைத் திறப்பதில்லை.

மேல்முறையீடு செய்யலாம் என்று அந்தக் கடிதத்தின் அடியில் போட்டிருக்கிறது. நீ வக்கீல் ஆபீசில் மனு அடிப்பவள். உன்னை விட்டால் எனக்கு யார்? அந்த இரண்டு விண்ணப்பத்தையும்கூட நீதான் அடித்தாய். நான் வாயில் குண்டூசியைக் கவ்விக்கொண்டு, உன் அண்ணன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். சும்மா ஞாபகப்படுத்துகிறேன், வேறொன்றுமில்லை.

போனில் பேசலாம் என்றால் என் தையல் கடையில் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறார்கள். உன் அண்ணன் பிரெட் வேனோடு அந்தப் பக்கம் வரும்போது கொடுத்தனுப்புகிறேன். ஒட்டித்தான் கொடுத்திருக்கிறேன். பிரித்த மாதிரி இருந்தால் எனக்குச் சொல்லு.

இன்னொன்று. போன வாரம் நானும் குருவியும் உன் வீட்டுக்கு வந்தோம், பூட்டியிருந்தது. மறுபடி வந்தோம், அப்போதும் பூட்டு. பக்கத்து வீட்டில் கேட்டால் உதட்டைப் பிதுக்குகிறாள். சொல்லாமல் கொள்ளாமல் எங்கே போனாய்?

உன் அண்ணி


மார்ச் 5

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. ஒட்டு பிரியவில்லை. அண்ணன் அதைப் பிரெட் தட்டுக்கு அடியில் வைத்துக் கொண்டுவந்து, ‘உங்க அண்ணி அனுப்பின வெடிகுண்டு, பத்திரமா பிரி’ என்று கொடுத்துவிட்டுப் போனார்.

குருவிக்கு இடம் இல்லை என்றதும் எனக்கு அழுகை வந்துவிட்டது அண்ணி. உருண்டை சாப்பிடாமல் எழுந்துவிட்டாள். மேல்முறையீட்டை நான் தயார் செய்கிறேன். நீங்கள் கேட்டிருக்கவே வேண்டாம்.

ஆனால் எங்கள் வக்கீல் ஐயாவின் வழியில்தான் செய்வேன். ‘கட்சிக்காரர் வாயால சொன்னா கோபம்தான் வரும், கையால எழுதினா விஷயம் வரும்’ என்பார். அதனால் நடந்ததை உங்கள் கையால் எழுதி அனுப்புங்கள். எந்த வீட்டில் எப்போதிலிருந்து இருக்கிறீர்கள், குருவியின் மூச்சுத் தொல்லைக்கு எந்த டாக்டர் பார்க்கிறார், பள்ளிக்கு எந்தத் தெரு வழியாகப் போகலாம், எல்லாம் வேண்டும். நான் அதிலிருந்து மனுவை எடுத்துக்கொள்கிறேன். எந்த இடத்திலிருந்து தூரம் அளந்தார்கள் என்று கல்வி அலுவலகத்திலும் எழுதிக் கேட்கிறேன்.

வீடு பூட்டியிருந்த கதை இதுதான். முன்னறையின் மேற்கூரைப் பூச்சு பெயர்ந்து, உருண்டை உட்கார்ந்து படிக்கிற இடத்திலேயே விழுந்தது. நல்லவேளை, அவள் அப்போது அங்கே இல்லை. பூச்சு வேலை முடியும்வரை இவருடைய அண்ணன் வீட்டில் இருக்கிறோம். துணிமணி, பாத்திரம், உருண்டையின் மேஜை உட்பட எல்லாம் வாசலில் கிடக்கிறது, சாயங்காலம் வாடகை வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும். யாரிடமும் சொல்லவில்லை. பள்ளியில் சேரும்வரை விண்ணப்பத்தில் சொன்ன வீட்டில்தான் இருக்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. ரிப்பேருக்காக நகர்ந்தால் தவறில்லை என்று ஐயா சொன்னார். ஆனாலும் யாராவது கண் காது மூக்கு வைத்துப் பேசினால் வீண் அலைச்சல். இது உங்களோடு இருக்கட்டும்.

குருவியிடம் அத்தை பார்த்துக்கொள்வாள் என்று சொல்லுங்கள்.

உங்கள் பாப்பா


மார்ச் 9

பாப்பாவுக்கு,

நீ கேட்டபடி எழுதியிருக்கிறேன். தனித் தாளில் இருக்கிறது. தையல்காரி கையெழுத்து, கோணலாகத்தான் இருக்கும். துணியில் போடுகிற கோடு மட்டும்தான் எனக்கு நேராக வரும்.

இந்த வீட்டுக்கு நான் குருவியை வயிற்றில் சுமந்துகொண்டு வந்தேன். அன்றிலிருந்து இங்கேதான். டாக்டர் சீட்டுகளையும் வைத்திருக்கிறேன். வழி என்ன வழி? வாசலில் இறங்கி நேராகப் போய்க் குழாயடியில் திரும்பினால் பள்ளிக்கூடத்து மதில்.

யாரைச் சாட்சிக்கு வைப்பது என்று உன் அண்ணன் கேட்டார். மாடி வீட்டு நர்ஸைக் கேள் என்றார். அவருக்கு மூளை இருக்கிற இடத்தில் பிரெட்டுதான் இருக்கிறது. அந்த நர்ஸ் தபாலில் வந்த என் பட்டன் பார்சலை அமுக்கியவள். படியில் இறங்கும்போது நம் வாசலை ஒரு பார்வை பார்ப்பாள், தெரியுமா? அந்தப் பார்வை நல்லதற்கில்லை. அவளிடம் போய் நான் நிற்பேனா?

அந்தத் தாளில் கடைசியில் ஒரு வரி எழுதியிருக்கிறேன். எங்களைவிடத் தள்ளி இருக்கிறவர்களுக்கு எப்படி இடம் கிடைத்தது என்று தீர விசாரிக்க வேண்டும் என்று. உன்னை மனதில் வைத்து எழுதியதில்லை. பொதுவாகச் சொன்னேன்.

நீ மனுவை அடித்ததும் எனக்கு ஒரு பிரதி அனுப்பு. இந்தத் தடவை படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன்.

அண்ணி


மார்ச் 14

அன்புள்ள அண்ணிக்கு,

மனுவின் வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். பொறுமையாகப் படியுங்கள். புரியாத இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள்.

நீங்கள் எழுதியது அருமையாக இருந்தது. ‘மணிச்சத்தம் பாத்திரத்துக்குள் விழுகிறது’ என்பதை வக்கீல் ஐயாவிடம் படித்துக் காட்டினேன், சிரித்துவிட்டார். அதை அப்படியே மனுவில் போட முடியாது. ‘பள்ளியின் மணியோசை வீட்டிற்குள் தெளிவாகக் கேட்கும் தொலைவில்’ என்று போட்டிருக்கிறேன்.

கடைசி வரியை மட்டும் எடுத்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். மேல்முறையீட்டில் நம் பிள்ளையைப் பற்றி மட்டும்தான் பேச வேண்டும். அடுத்த பிள்ளைக்கு எப்படிக் கிடைத்தது என்று ஆரம்பித்தால், ‘இவர்களுக்குப் பொறாமை’ என்று மனுவை மூடிவிடுவார்கள். எங்கள் ஆபீசில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

கல்வி அலுவலகத்திலிருந்து இன்னும் பதில் வரவில்லை. எங்கிருந்து அளந்தார்கள் என்று தெரிந்துவிட்டால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி. அதுவரை பொறுத்திருங்கள்.

சாட்சிக்கு யோசியுங்கள். ஒரே கட்டடத்தில் இருப்பவர்தான் நல்லது.

உங்கள் பாப்பா


மார்ச் 16

பாப்பா,

எனக்கு எழுதப் படிக்கத் தெரியும் என்பதை நீ மறந்துவிட்டாய் போலிருக்கிறது. மனுவைப் படித்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. நன்றாக இல்லாமல் எப்படி இருக்கும், நீ அடித்தது.

ஆனால் அந்த ஒரு வரி ஏன் உன் கண்ணை உறுத்த வேண்டும்? அதில் பெயர் இருக்கிறதா? முகவரி இருக்கிறதா? மடியில் கனம் இல்லாதவர்கள் எதற்கு அதை எடுக்க வேண்டும்? நான் யோசித்துப் பார்த்தேன். ஒரே ஆள், ஒரே நாள், ஒரே மெஷினில் அடித்த இரண்டு விண்ணப்பம். கிட்டே இருக்கிறவளுக்கு இல்லை, தள்ளி இருக்கிறவளுக்கு உண்டு. நான் ஒன்றும் சொல்லவில்லை. டேப் சொல்கிறது.

உன் அண்ணனிடம் கேட்டேன். ‘அவ ஏன் அப்படிச் செய்யப்போறா, உனக்கு வேற வேலை இல்லையா’ என்று துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். தங்கை என்றால் அவருக்கு எப்போதும் அப்படித்தான்.

நேற்று கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு ஒரு வேலையாக வெளியே போனேன். என் பிள்ளைக்காக நான் செய்ய வேண்டியதை நான்தானே செய்ய வேண்டும்.

குருவிக்கு நேற்றிலிருந்து லேசாக இழுக்கிறது.

அண்ணி


மார்ச் 27

அன்புள்ள அண்ணிக்கு,

குருவிக்கு எப்படி இருக்கிறது? அண்ணன் ‘பரவாயில்ல’ என்றார். அண்ணனுக்கு எல்லாமே பரவாயில்லைதான். நீங்கள் எழுதினால்தான் நம்புவேன்.

உங்கள் போன கடிதத்தை ஓரமாக வைத்துவிட்டேன். பிள்ளைக்கு இழுக்கிற கவலையில் எழுதியது என்று எடுத்துக்கொண்டேன். நாம் முதலில் காரியத்தைப் பார்ப்போம்.

கல்வி அலுவலகத்தின் பதில் வந்துவிட்டது. அவர்கள் உங்கள் கடையிலிருந்து அளந்திருக்கிறார்கள் அண்ணி. ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற உங்கள் கடையிலிருந்து. அங்கிருந்து பார்த்தால் தூரம்தானே!

விண்ணப்பத்தில் கடை முகவரிதான் இருக்கிறது. நான்தான் அடித்தேன். அன்றைக்கு அண்ணன் ஆபீசுக்கு வந்திருந்தார். ‘முகவரி?’ என்று கேட்டேன். ‘எப்பவும் போடுறதுதான்’ என்றார். கூடவே கடையின் கரண்ட் ரசீதைக் கொடுத்தார். என் கை தானாகவே கடை முகவரியை அடித்துவிட்டது. கொஞ்சம் நிறுத்திக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

ஏன் கேட்கத் தோன்றவில்லை என்றும் யோசித்தேன். பட்டன் பார்சல் தொலைந்த நாளிலிருந்து நீங்கள் போட்ட சட்டம் அது. ‘எந்தக் காகிதத்திலும் வீட்டு நம்பர் போடக்கூடாது, மாடிக்காரி எடுத்துடுவா, கடை நம்பர்தான்.’ உருண்டையின் காதுகுத்துக்குப் பத்திரிகை அடித்தபோதுகூட உங்கள் முகவரி கடைதான். நம் குடும்பத்தில் யாருக்குமே உங்கள் வீட்டு நம்பர் சட்டென்று வாயில் வராது. குறையாகச் சொல்லவில்லை. நடந்தது இதுதான் என்று தெரிந்தால்தான் மனுவில் எழுத முடியும்.

ஒரு வகையில் இது நல்ல செய்தி. வீட்டிலிருந்து அளந்தால் உங்களுக்கு எங்களைவிட முன்னுரிமை. ஆனால் குருவி அந்த வீட்டில்தான் தூங்கி எழுகிறாள் என்று சொல்ல ஒரு சாட்சி கட்டாயம் வேண்டும். மாடி நர்ஸைத் தவிர அந்தக் கட்டடத்தில் வேறு ஆள் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு படி ஏறுங்கள் அண்ணி.

எங்கள் பக்கம் ஒரு கெட்ட செய்தி. நாங்கள் விண்ணப்பத்தில் சொன்ன வீட்டில் குடியில்லை என்று யாரோ கல்வி அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதிகாரி வீட்டுக்கு வந்து பார்ப்பாராம். நிரூபிக்காவிட்டால் உருண்டையின் இடத்தை எடுத்துவிடுவார்களாம். நாங்கள் போன வாரமே வீட்டுக்குத் திரும்பிவிட்டோம், பயப்பட ஒன்றுமில்லை என்று ஐயா சொல்கிறார். ஆனாலும் உருண்டை ‘நான் என்னம்மா பண்ணேன்?’ என்று கேட்கிறாள். யாருக்கு நாங்கள் என்ன கெடுதல் செய்தோம்? உங்களுக்கு யாராவது தோன்றுகிறார்களா? இந்த மாதிரி விஷயத்தில் உங்களுக்குச் சட்டென்று பொறி தட்டும்.

உங்கள் பாப்பா


மார்ச் 30

என் அன்புப் பாப்பாவுக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு மெஷினை நிறுத்திவிட்டேன். ஒரு சட்டைக்குக் கையை மாற்றித் தைத்து, பிரித்து, மறுபடி மாற்றித் தைத்தேன்.

உருண்டையின் இடத்தை எடுத்துவிடுவார்களா? எடுக்க மாட்டார்கள். எடுக்க முடியாது இல்லையா? நீதான் திரும்பி வந்துவிட்டாயே. அந்த மாதிரி எழுதிக் கொடுத்ததை யாராவது வாபஸ் வாங்கினால் விட்டுவிடுவார்களா? உன் வக்கீல் ஐயாவிடம் சும்மா கேட்டுச் சொல்லு. யார் செய்திருப்பார்கள் என்று எனக்கென்ன தெரியும்? உன் வீட்டுக்காரருடைய அண்ணி ஒருத்தி இருக்கிறாளே, அவளுக்கு உன்னைக் கண்டால் ஆகாது என்று நீயே முன்பு சொல்லியிருக்கிறாய். நான் அடித்துச் சொல்லவில்லை, இருக்கலாம் என்கிறேன்.

சரி, படி ஏறிய கதையைக் கேள். குருவியையும் கூட்டிக்கொண்டு போனேன். தனியாகப் போகப் பயமில்லை, சாட்சிக்குப் போகும்போது சாட்சிக்கு ஓர் ஆள் வேண்டாமா? கதவைத் திறந்ததும் அந்த நர்ஸம்மா என்னைப் பார்க்கவில்லை, குருவியைத்தான் பார்த்தாள். ‘என்னம்மா, இப்ப இழுப்பு குறைஞ்சிருக்கா? முந்தாநாள் ரொம்ப இருமினியே’ என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மேலே இருந்தபடி எங்கள் வீட்டு இருமலை எண்ணிக்கொண்டிருக்கிறாள்!

விஷயத்தைச் சொன்னேன். முழுக்கச் சொல்வதற்குள் ‘எங்க கையெழுத்துப் போடணும்?’ என்று கேட்டுவிட்டாள். விசாரணை அன்றைக்கு லீவு போட்டுவிட்டு நேரிலேயே வருகிறாளாம். இவ்வளவு சுலபமாக ஒருத்தி ஒத்துக்கொள்வாளா? உள்ளே ஏதோ இருக்கிறது.

வாய் சும்மா இருக்காமல் பட்டன் பார்சலைப் பற்றிக் கேட்டுவிட்டேன். ‘அதுவா? தபால்காரர் எங்கிட்ட மாத்திக் கொடுத்துட்டாரு. அன்னிக்கே உங்க வீட்டுக்காரர் கையில கொடுத்தேனே, வேன்ல வச்சாரே’ என்றாள். உன் அண்ணனை உலுக்கி எடுத்தேன். ‘கொடுத்தாங்களா? இருக்கும். ஞாபகமில்ல, பரவாயில்ல விடு’ என்கிறார். அவர் பேச்சை நம்புவதா, அவள் பேச்சை நம்புவதா?

உருண்டையை அழவிடாதே. அத்தை அவளுக்கு இரண்டு செட் சீருடை தைத்துத் தருவேன் என்று சொல்லு. வளர்கிற பிள்ளை, உள்ளே நிறையத் துணி விட்டுத் தைக்கிறேன்.

உன் அன்பு அண்ணி


ஏப்ரல் 12

அண்ணிக்கு,

விசாரணை இம்மாதம் இருபதாம் தேதி. மூன்று பேர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பார்கள். பள்ளியின் சார்பில் ஒருவர் வருவார். நீங்கள் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்தைக் குறை சொல்லாதீர்கள். ஏன் கடை முகவரி கொடுத்தீர்கள் என்று முதலில் கேட்பார்கள். மழுப்ப வேண்டாம். மாடி வீட்டில் என் தபாலை எடுக்கிறார்கள் என்று சந்தேகப்பட்டேன், அதனால் எல்லாக் காகிதத்துக்கும் கடை முகவரி கொடுப்பது வழக்கம் என்று உள்ளதைச் சொல்லுங்கள். அந்த அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார், சொல்வதற்குக் கஷ்டமாக இருக்கும். ஆனால் யாரைச் சந்தேகப்பட்டீர்களோ அவரே வந்து உங்களுக்காகச் சாட்சி சொன்னால், அதற்கு மேல் அவர்கள் கேட்க ஒன்றும் இருக்காது. டாக்டர் சீட்டுகளைத் தேதி வாரியாக அடுக்கி, நூல் போட்டுக் கட்டியிருக்கிறேன். பிரிக்க வேண்டாம்.

எங்கள் வீட்டுக்கு அதிகாரி வந்திருந்தார். நல்ல மனிதர், செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அடுக்களை, கட்டில், துணி அலமாரி எல்லாம் பார்த்தார். பூச்சு வேலை செய்த கொத்தனாரை வரச்சொல்லியிருந்தேன், அவரும் நடந்ததைச் சொன்னார். கடைசியில் அதிகாரி முன்னறையில் நின்றுகொண்டு, ‘பிள்ளை படிக்கிற மேஜையைக்கூட உங்க வீட்டுக்காரரோட அண்ணன் வீட்டுக்கு ஏத்திட்டுப் போயிட்டீங்களாமே?’ என்று கேட்டார். கேட்கும்போது அவர் கை அந்த மேஜை மேல்தான் இருந்தது.

அந்த மேஜை வேனில் ஏறவில்லை. வாசலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இடம் போதாமல் திரும்ப உள்ளேயே போட்டுவிட்டோம். அது போகவேயில்லை.

யார் எழுதிக் கொடுத்தது என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. புகாரை வாபஸ் வாங்கினாலும் அதன் விசாரணை நடக்கும் என்று ஐயா சொன்னார். நீங்கள் கேட்டிருந்தீர்கள்.

இருபதாம் தேதி ஆபீசில் வேலை இருக்கிறது, என்னால் வர முடியாது.

பாப்பா


ஏப்ரல் 29

என் கண்ணான பாப்பாவுக்கு,

கிடைத்துவிட்டது! குருவிக்கு இடம் கிடைத்துவிட்டது. இன்று காலையில் கடிதம் வந்தது, வீட்டு முகவரிக்கே வந்தது. நர்ஸம்மாதான் தபால்காரரிடம் வாங்கிக் கீழே கொண்டுவந்து கொடுத்தாள். ஒட்டு பிரிந்திருக்கிறதா என்று பார்க்கக்கூட எனக்குத் தோன்றவில்லை, அவ்வளவு படபடப்பு. நீ அடித்த மனு, நீ கட்டிய நூல். உன் கைக்குத் தங்க வளையல்தான் போட வேண்டும்.

விசாரணையைப் பற்றி உன் அண்ணன் சொல்லியிருப்பார், ‘பரவாயில்ல’ என்று. நான் சொல்கிறேன் கேள். ஏன் கடை முகவரி என்று கேட்டார்கள். நீ சொன்னபடி சொன்னேன். அந்த அம்மா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவளிடம் கேட்டபோது, ‘இந்தப் பிள்ளை தினமும் சாயந்தரம் வாய்ப்பாடு சொல்லும், ஏழாம் வாய்ப்பாட்டுல தடுக்கும். கீழே இருமல் நிக்கிற வரைக்கும் நான் மேலே உக்காந்திருப்பேன், கூப்பிட்டா ஓடி வரலாம்னு. ஒருநாளும் கூப்பிட்டதில்ல’ என்றாள். நடுவில் உட்கார்ந்திருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது பாப்பா.

உன் போன கடிதம் ஒரு மாதிரி இருந்தது. ‘அண்ணிக்கு’ என்று மொட்டையாக ஆரம்பித்திருந்தாய். நானும் பதில் எழுதாமல் இருந்துவிட்டேன். நீ எதையோ மனதில் வைத்துக்கொண்டிருக்கிறாய். என்னைப் பற்றி யாராவது ஏதாவது சொன்னார்களா? உன் வீட்டுக்காரரின் அண்ணி சொன்னாளா? இல்லை, உன் அண்ணன் கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டு வேனில் யாரிடமாவது உளறியிருப்பார். மேஜை விஷயம் அப்படித்தான் வெளியே போயிருக்கும். நம் இருவரையும் பிரித்துவிட யாரோ பார்க்கிறார்கள். நீ அதற்கு இடம் கொடுக்காதே. யார் சொன்னார்கள் என்று மட்டும் எழுது, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்.

அதெல்லாம் கிடக்கட்டும். சீருடைத் துணி வந்துவிட்டது. உருண்டையை ஞாயிற்றுக்கிழமை அனுப்பு, அளவெடுக்க வேண்டும். இரண்டு பேருக்கும் ஒரே துணிச் சுருளிலிருந்து வெட்டித் தைக்கிறேன். குருவி வாசலிலேயே காத்திருப்பாள்.

உன் அன்பு அண்ணி


மே 6

அண்ணிக்கு,

குருவிக்கு இடம் கிடைத்ததில் எனக்கு நிறைந்த சந்தோஷம். இதில் என் மனதில் ஒரு குறையும் இல்லை. அவளிடம் அப்படியே சொல்லுங்கள். உருண்டையின் இடமும் உறுதியாகிவிட்டது. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்காரட்டும். ஆளுக்கு ஒரு வீடு இருப்பதே அங்கே ஞாபகம் வரக்கூடாது.

யார் சொன்னார்கள் என்று கேட்டிருந்தீர்கள். யாரும் சொல்லவில்லை. அண்ணன் ஒரு கடிதத்தையும் பிரித்ததில்லை, ஒவ்வொன்றையும் நான் பார்த்துத்தான் வாங்கினேன். இவருடைய அண்ணி வீட்டுக்கு அந்த மேஜை வரவில்லை என்று அவளுக்கு நன்றாகத் தெரியும், அவள்தானே அதற்கு இடம் ஒதுக்கி வைத்திருந்தாள். மேஜை போகிறது என்று நினைத்திருக்கக் கூடியவர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அது வாசலில் கிடந்தபோது, நான் அதன் மேலேயே தாளை வைத்து அவருக்குக் கடிதம் எழுதினேன்.

அதிகாரி கேட்ட அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. அன்றைக்கு ராத்திரி உங்கள் மனுவைக் கையில் எடுத்தேன். கிழித்துப் போடவும் தோன்றியது. பிறகு உட்கார்ந்து டாக்டர் சீட்டுகளை அடுக்கினேன். என் மடியில் சாய்ந்து மூச்சு வாங்கிய பிள்ளை அவள்.

கோபம் இருக்கிறது. இல்லையென்று சொன்னால் பொய். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் பதில் சொல்லியிருப்பேன் அண்ணி. சண்டை போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. உருண்டை இப்போதெல்லாம் வாசலில் யாராவது செருப்பைக் கழற்றினால் உள்ளே ஓடிப்போய் மேஜை பக்கத்தில் நின்றுகொள்கிறாள்.

மாடி வீட்டு அம்மாவிடம் நல்லபடியாக இருங்கள். குருவிக்கு இழுத்தால் அவரைக் கூப்பிடுங்கள். நான் வருவதற்குள் நேரமாகிவிடும்.

இனி அண்ணனிடம் கடிதம் கொடுத்தனுப்ப வேண்டாம். மனு வேலை முடிந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை உருண்டையை அனுப்ப முடியவில்லை. அவளுடைய சீருடையைக் கடைத்தெருவில் ஒரு தையல்காரரிடம் கொடுத்து வாங்கிவிட்டேன். தோள் இறங்கியிருக்கிறது, கை நீளம் சரியாக வரவில்லை. பரவாயில்லை, வளர்ந்துவிடுவாள்.

பாப்பா